இறங்கித் தள்ளிச் செல்லவும்

நாற்காலியைப் பார்க்காதீர்கள் சார், போர்டைப் பாருங்கள். அதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள். 'மோட்டார் பொருத்திய எந்த வாகனத்துக்கும் அனுமதி இல்லை. பேட்டரி சைக்கிளில் வருவோர் மோட்டாரை நிறுத்தி, இறங்கித் தள்ளிச் செல்லவும்.' அவ்வளவுதான். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குளத்துக்கும் இதையே அப்படியே வையுங்கள். ஒரு சொல்லைக் குறைத்தால் அந்த இடத்தில் ஓட்டை விழும், அந்த ஓட்டையில் ஒரு வண்டி நுழையும்.

அது நான் எழுதிய வாசகம். போர்டில் என் பெயர் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை.

உங்களை யார் அனுப்பினார்கள் என்று சொன்னீர்கள்? சரி, சரி. 'சென்னியப்பனைப் போய்ப் பாருங்கள், ஆவாரங்குளத்துக் கரையில் ஒரு வண்டி விடாமல் ஒழித்தவர் அவர்தான்' என்றாராக்கும். ஒருத்தராவது சொல்கிறாரே. இங்கே இருப்பவர்கள் சொல்ல மாட்டார்கள். உள்ளே பாருங்கள், எவ்வளவு நிம்மதியாக நடக்கிறார்கள். கையை வீசிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல். அந்தத் திரும்பிப் பார்க்காத நடை இருக்கிறதே, அதை வாங்கிக் கொடுத்தது நான். என்னைக் கண்டால் மட்டும் எல்லோருக்கும் போனில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள்.

உள்ளே போய் மரத்தடியில் உட்கார்ந்து பேசலாம்தான். முடியாது. என்னை உள்ளே விட மாட்டான். அதோ, துண்டை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கேட் பக்கத்தில் நிற்கிறானே, காவலாளி, அவன். இந்தக் கரையில் நடக்காமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. என் சம்சாரத்தை மின்மயானத்துக்குக் கொண்டுபோன மறுநாள்கூட நான் இங்கே வந்து நடந்தேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். இப்போது முட்டி போன பிறகு தினமும் காலையில் இந்த கேட் வரை வருகிறேன், நிற்கிறேன், திரும்புகிறேன். இன்றைக்கு எப்படியாவது உள்ளே போய்விட வேண்டும் சார். அதில் உங்கள் உதவி வேண்டும். பெரிய உதவி இல்லை. கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஜெயபாலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

ஜெயபால் பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். எனக்கு இடப்பக்கம் நடப்பார். நான் லேத் பட்டறை வைத்திருந்தவன், எனக்கு வலது காது கொஞ்சம் மந்தம், அதனால் இடப்பக்கம். ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. மோட்டார் பைக் என்றால் தூரத்திலேயே கேட்கும், ஒதுங்கலாம், திட்டலாம். இந்தப் பேட்டரி சைக்கிள் சத்தமே போடாது. பேசிக்கொண்டே வந்தவர் பேச்சின் நடுவில் இல்லை. கீழே கிடக்கிறார். எலும்பு உடைந்தால் தேங்காய் உடைவது மாதிரி கேட்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை சார். முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி, மெல்லிசாக ஒரு சத்தம். இடுப்பு. அவர் கத்தவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடினார், கரையில் போட்ட ஜிலேபி மீன் மாதிரி.

இடித்தவன் லோகேஷ். சாப்பாட்டுப் பார்சல் கொண்டு போகிறவன், இருபத்தைந்து வயது இருக்கும். மெயின் ரோட்டு சிக்னலில் நிற்காமல் தப்பிக்க இந்தக் கரையில் வருவான். எழுந்தான். எழுந்ததும் என்ன செய்தான் தெரியுமா? முதுகில் இருந்த பையைக் கழற்றித் திறந்து பார்த்தான். மனிதன் ஒருவன் செத்துக்கொண்டு கிடக்கிறான், இவன் சாம்பார் கொட்டிவிட்டதா என்று பார்க்கிறான். அதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை. ஒரு மனிதனுக்கு முதலில் எங்கே கண் போக வேண்டும் சார்?

ஜெயபால் சாகவில்லை. ஆனால் படுத்தவர் படுத்தவர்தான்.

அதற்குப் பிறகுதான் நான் இங்கே நடப்பவர்கள் சங்கத்தின் செயலாளர் ஆனேன். மாநகராட்சிக்கு நடையாக நடந்து போர்டு வாங்கினோம். முதல் போர்டில் 'மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை' என்று மட்டும்தான் இருந்தது. லோகேஷ் அதன் கீழேயே வண்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

"இது வண்டி இல்லீங்ணா, சைக்கிளு. பெடல் இருக்குது பாருங்க. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். ஆர்டிஓவே உட்டுட்டாரு, நீங்க என்ன ஆர்டிஓவுக்கு மேலயா?"

"மேலதான்டா" என்றேன்.

"அப்ப ஒரு தொப்பி போட்டுக்கங்ணா. அடையாளம் தெரிய மாட்டேங்குது."

பின்னால் நின்ற நம் ஆட்களே சிரித்தார்கள். எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. அன்றைக்குத்தான் அந்த இரண்டாவது வரி என் மண்டையில் உதித்தது. மோட்டாரை நிறுத்தி, இறங்கி, தள்ளி. மூன்று கதவு. ஒன்றில் தப்பினால் இன்னொன்றில் மாட்டுவான்.

போர்டு மாறியது. அவன் மாறவில்லை. இறங்க மாட்டான், கையை ஆட்டிவிட்டுப் போவான்.

எங்கள் சங்கத்தில் எல்லோரிடமும் ஒரு மூங்கில் தடி உண்டு. நாய்க்கு. குளத்தங்கரையில் நாய் அதிகம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். தரையில் ஊன்றி ஊன்றி நுனி பிளந்துவிடுகிறது என்றார்கள், நான்தான் பட்டறையில் எல்லாத் தடிக்கும் இரும்புப் பூண் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்து, கடைந்து, சூடாக்கி ஏற்றினேன். கழன்றே வராது.

ஒரு நாள் காலை லோகேஷ் வந்தான். நான் தடியைக் குறுக்கே நீட்டினேன். நில் என்றுதான். அவன் நிற்கவில்லை, தடியைக் கையால் தள்ளினான். தடி சுழன்று அவன் மணிக்கட்டில் விழுந்தது, வண்டியோடு சாய்ந்தான். முதல் அடி என்னுடையதா என்று பிறகு ஸ்டேஷனில் கேட்டார்கள். எப்படிச் சொல்வது? தடி என்னுடையது, வேகம் அவனுடையது.

விழுந்தவன் எழுந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. விழுந்த இடத்திலிருந்து ஏதோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அதற்குப் பிறகு நான் மட்டும் இல்லை சார். ரிட்டையர்டு தாசில்தார் ஒருவர், வாழ்க்கையில் பியூனைக்கூட அதட்டாதவர், அவர் தடி ஏறி இறங்குவதைப் பார்த்தேன். பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட மனிதர்கள், மாடிப்படி ஏறக் கூடாதவர்கள், மூச்சு வாங்க வாங்க அடித்தார்கள். 'தலையில வேண்டாம், தலையில வேண்டாம்' என்று ஒருவர் சொல்லிக்கொண்டே காலில் அடித்தார். அந்தப் பையன் கையால் முகத்தை மூடினான். கையில் விழுந்தது. விரலை எடுத்தான், வாயில் விழுந்தது. பல் ஒன்று பாதையில் பதித்த பேவர் கல் இடுக்கில் சிக்கிக் கிடந்தது, மறுநாள் நடக்கும்போது நான்தான் பார்த்தேன். பார்சல் பையிலிருந்து இட்லி உருண்டு மண்ணில் கிடந்தது. 'நடக்கிற பாதைடா, நடக்கிற பாதை' என்று யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள். என் குரல் மாதிரிதான் இருந்தது.

எங்களுக்குத் தினமும் சிரிப்பு வகுப்பு உண்டு. வட்டமாக நின்று கையைத் தூக்கி ஹா ஹா என்று சிரிக்க வேண்டும், நுரையீரலுக்கு நல்லது. ஆம்புலன்ஸ் போன பிறகு அன்றைக்கும் நடந்தது. அன்றைக்கு மாதிரி எல்லோரும் மனம் விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

அதை நான் யோசித்ததுண்டு சார். வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். இந்தச் சாதுவான மனிதர்களுக்குள் இவ்வளவு ஆத்திரம் எங்கே இருந்தது? எனக்குள் எங்கே இருந்தது? புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கடைசியில் பிடிபட்டது. எங்களுக்குள் இல்லை. வண்டியில் இருந்தது. வண்டி வந்தால் வரும், வராவிட்டால் வராது. அதனால்தான் சொல்கிறேன், விதி கறாராக இருக்க வேண்டும். விதி கறாராக இருந்தால் யாரையும் அடிக்க வேண்டியதே இல்லை.

ஸ்டேஷனில் சமாதானமாகப் போய்விட்டது. அவனும் விதியை மீறியவன், நாங்களும் வயதானவர்கள்.

இப்போது அய்யாவு. சூப் விற்கிறவன். மார்கழியில் முடவாட்டுக்கால் சூப் கொண்டுவருவான், கொல்லிமலைக் கிழங்கு, முட்டி வலிக்கு அதற்கு மேல் மருந்து இல்லை. நான் தினமும் இரண்டு டம்ளர் குடிப்பேன். மிளகை அவனே தட்டிப் போடுவான். பழைய சைக்கிளில்தான் வந்துகொண்டிருந்தான். பின்னால் பெரிய எவர்சில்வர் கேன், கொதிக்கக் கொதிக்க. அதை மிதிக்க முடியாமல் மூச்சு இளைக்கிறது என்று, அந்த வருஷம் அவனும் பேட்டரி சைக்கிள் வாங்கிவிட்டான். நானே சொன்னேன்: "அய்யாவு, உனக்குன்னு தனி ரூல் போட முடியாது பாத்துக்க."

"எனக்கு எதுக்குங்க தனி ரூலு? கேட்டுலயே எறங்கிக்கறேன் செகரட்டரி. நீங்க சொன்னாச் சரிதானுங்க."

இறங்கித்தான் தள்ளுவான். அதை நான் இல்லை என்று சொல்லவே இல்லை.

ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் குளத்துக்கும் இது வரும். அந்த சைக்கிள்களில் தள்ளும்போதே மோட்டார் மெதுவாக ஓடுவதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்திக்கொண்டால் ஆள் சும்மா பிடித்துக்கொண்டு நடந்தால் போதும், வண்டி தானே போகும். வெளியிலிருந்து பார்த்தால் தள்ளுகிற மாதிரியே இருக்கும். புரிகிறதா? கேனோடு அந்தப் பாரத்தை ஒரு ஒல்லியான மனிதன் கரை மேட்டில் ஏற்றி, அந்தப் பக்கச் சரிவில் இறக்குகிறான். மோட்டார் உதவாமல் முடியுமா? எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். கேட்கவில்லை. நமக்கு சூப் தருகிறவனை எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன்.

மார்கழிப் பனி. முன்னால் போகிறவரின் முதுகு தெரியாது. நான் தனியாக நடக்கிறேன், சரிவில் இறங்குகிறேன். பின்னால் டயர் சத்தம். பேவர் கல்லில் ரப்பர் உருள்கிற சத்தம், அவ்வளவுதான். எனக்கு ஜெயபாலின் இடுப்பு ஒடிந்த சத்தம் காதில் வந்துவிட்டது. லோகேஷின் ஆட்கள் பழிக்குப் பழி வருவார்கள் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் நேரம் போய்விடும். ஒதுங்கினேன், சத்தம் பக்கத்தில் வந்ததும் தடியைச் சக்கரத்துக்குள் செருகினேன்.

முன் சக்கரம் நின்றது, பின்பக்கம் எழுந்தது. கேன் மூடி தெறித்தது.

அந்த வாசனை இருக்கிறதே சார், மிளகும் சீரகமும், நல்ல வாசனை. அதற்குள் இன்னொரு வாசனை. அய்யாவு கேனுக்குக் கீழே கிடந்தான். நெஞ்சு, கழுத்து, முகத்தில் பாதி. சட்டையைப் பிய்த்து எறியப் பார்த்தான், சட்டையோடு தோலும் வந்தது. தரையில் புரண்டு புரண்டு கத்தினான். என்ன கத்தினான் என்று நினைக்கிறீர்கள்? அம்மா என்று இல்லை, ஐயோ என்று இல்லை.

"ஆஃப்லதானுங்க இருக்குது! செகரட்டரி, ஆஃப்லதானுங்க இருக்குது! மோட்டாரு ஆஃப்லதானுங்க... குனிஞ்சு பாருங்க..."

நான் குனிந்து பார்த்தேன். சுவிட்சைப் பார்த்தேன். அதைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? அவனே பார்க்கச் சொல்கிறானே. ஹேண்டில் பாரில் ஒரு சின்ன விளக்கு உண்டு. எரிந்துகொண்டிருந்த மாதிரி இருந்தது. பனி வேறு, என் மூக்குக் கண்ணாடியில் சூப் வேறு தெறித்திருந்தது, துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் ஆட்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கிவிட்டார்கள். அவர்கள் தூக்கியிருக்கக் கூடாது. அந்த விளக்கு எரிந்ததா இல்லையா என்பதுதான் சார் முழு விஷயமும். எரிந்திருந்தால் அவன் விதியை மீறியவன், நான் தடுத்தவன். எரியவில்லை என்றால், சரி, அது ஒரு விபத்து. இரண்டில் எது என்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை. 'சரிவில் கேன் சறுக்கிவிட்டது' என்று சங்கமே பேசி முடித்துவிட்டது. அய்யாவும் தலையாட்டிவிட்டான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுகளுக்கு நடுவில் தெரிந்த ஒரு கண்ணைப் பார்த்துக் கேட்டேன்: "அந்தப் பட்டனை அமுத்தியிருந்தியா இல்லையா, நெசத்தச் சொல்லு." அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்கு என்ன அர்த்தம் என்று எடுத்துக்கொள்வது, சொல்லுங்கள்.

லோகேஷின் ஆட்கள் வந்தது அதற்குப் பிறகு, பொங்கல் கழிந்து. நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் கேட்கவே இல்லை. ஏழெட்டு பேட்டரி சைக்கிள், தலையில் ஹெல்மெட். சிரிப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்தது, கையைத் தூக்கியிருந்தேன். முதுகில் ஏதோ விழுந்தது. சைக்கிளைப் பூட்டுகிற சங்கிலி. முகம் மண்ணில். ஒருவன் என் காலை நீட்டிப் பிடித்தான், இன்னொருவன் பேவர் கல்லைப் பெயர்த்து எடுத்தான். வலது முட்டியில் ஒருமுறை. நான் கத்தினேன். மறுபடியும் அதே இடத்தில். லோகேஷ் ஒரு கையில் மாவுக்கட்டோடு, முன்பல் இல்லாமல், என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"நடக்கிற பாதைதானுங்ணா இது? எங்க, நடங்க பாக்கலாம்."

வட்டமாக நின்றார்கள் சார், எங்கள் ஆட்கள். அத்தனை பேர் கையிலும் தடி. அத்தனை தடியிலும் நான் ஏற்றிய பூண். ஒன்று அசையவில்லை. தாசில்தார் கையைத் தூக்கினபடியே நின்றார், சிரிப்பதற்குத் தூக்கிய கை.

மகள் சென்னையிலிருந்து இந்த நாற்காலியை அனுப்பினாள். பேட்டரி நாற்காலி. நடை போனாலும் கரை போகவில்லையே என்று சந்தோஷமாக முதல் நாள் வந்தேன். வந்து பார்த்தால் கேட்டில் காவலாளி. என்னைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டு, எல்லோரும் கையெழுத்துப் போட்டு அய்யாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவன்தான் சார் அது. துண்டுக்கு அடியில் தோல் இழுத்துக்கொண்டு வாய் ஒரு பக்கம் போய்விட்டது. அன்றைக்கு நான் சக்கரத்தில் விட்ட தடி, அதுதான் அவன் கையில் இருப்பது. திருப்பிக் கேட்கவில்லை. இருக்கட்டும்.

என்னைப் பார்த்து எழுந்து நின்றான். மரியாதையாகத்தான். போர்டைக் காட்டினான்.

"செகரட்டரிங்க, மோட்டார ஆஃப் பண்ணிட்டு, எறங்கித் தள்ளிட்டு போங்க."

"அய்யாவு, எனக்குக் கால் இல்லப்பா."

"தெரியுமுங்க. எறங்கித் தள்ளிட்டு போங்க."

தினமும் இதேதான். கேலி இல்லை, கோபம் இல்லை, போர்டில் இருக்கிறதை அப்படியே சொல்கிறான். நான் எவ்வளவோ எடுத்துச் சொல்லிவிட்டேன். இது வண்டியே இல்லை சார், நாற்காலி. லைசென்ஸ் வேண்டாம். நம்பர் பிளேட் இருக்கிறதா பாருங்கள், இருக்கிறதா? நான் அந்த விதியை எழுதும்போது இதையெல்லாம் நினைத்தா எழுதினேன்? எழுதினவன் சொல்கிறேன், இது அதில் சேராது. கேட்க மாட்டேன் என்கிறான். என்ன ஈவிரக்கம் இல்லாத மனிதன் பாருங்கள். சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவனிடம் என்ன பேச முடியும்?

அதனால்தான் உங்கள் உதவி. இந்த நெம்புகோலை இப்படித் தள்ளினால் மோட்டார் சக்கரத்தை விட்டுவிடும். சுவிட்சும் அணைத்துவிட்டேன், பாருங்கள், விளக்கு இல்லை. இப்போது இது வெறும் நாற்காலி. நீங்கள் பின்னாலிருந்து தள்ளுங்கள். நான் இறங்க முடியாது, ஆனால் தள்ளுவது நடக்கிறது அல்லவா? மூன்றில் இரண்டு சரியாக இருக்கிறது. வெளியூர்க்காரர், சங்கத்து ஆள், உங்களை அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். மேடு ஏறும் வரைதான் பாரம், அந்தப் பக்கம் சரிவு, தானாகவே இறங்கும். கைப்பிடியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்படித்தான். தள்ளுங்கள். அவனைப் பார்க்காதீர்கள், நேரே பாருங்கள். பார்த்தீர்களா, ஒன்றும் சொல்லவில்லை. கேட் தாண்டியாயிற்று. ஆஹா, அந்தத் தண்ணீர் வாசனை வருகிறதா உங்களுக்கு? நாலு மாதம் ஆயிற்று சார். இந்த இடத்தில்தான் ஜெயபால்... தள்ளுங்கள், நிற்காதீர்கள். மேடு வந்துவிட்டது. இனி சரிவு, மெதுவாக, பிடித்துக்கொண்டே வாருங்கள்.

பின்னால் யார்? யாரோ வருகிறார்கள். செருப்புச் சத்தம். திரும்பிப் பார்த்துச் சொல்லுங்கள் சார், என்னால் திரும்ப முடியாது. தடி வைத்திருக்கிறானா? எந்தப் பக்கம் வருகிறான்? சார், கைப்பிடியை ஏன் விட்டீர்கள்? சார்!

"அய்யாவு... அய்யாவு, இரு. அதைச் சக்கரத்துக்கிட்ட கொண்டு வராதப்பா. சரிவுல இருக்கறேன் பாரு. ஆஃப்லதான் இருக்குது அய்யாவு. மோட்டாரு ஆஃப்லதான் இருக்குது. குனிஞ்சு பாரு. ஒருக்கா குனிஞ்சு பாரு."